ஏழு ஆண்டுகளில் மூன்று நோய்ப்பெயர்கள்: மனநலக் கணிப்பில் எதை நம்புவது?

இளவேனில்:

என் தங்கைக்கு இப்போது 26 வயது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது முதன்முறையாக ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் மனச்சோர்வு என்று சொல்லி மருந்து கொடுத்தார், ஓரளவு தேறினாள். சில ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவர், எரிச்சல், தூக்கக்குறைவு, யோசிக்காமல் செய்த செலவுகள் ஆகியவற்றைக் கேட்டுவிட்டு, இது இருதுருவக் கோளாறின் இரண்டாம் வகை, அதாவது மனச்சோர்வும் மிதமான மனக்கிளர்ச்சியும் மாறி மாறி வரும் நோய் என்றார். இப்போது பார்க்கும் மருத்துவரோ ஓர் உளவியலாளரிடம் அனுப்பிப் பல அமர்வுகள் பேச வைத்த பிறகு, பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையின்றித் தத்தளிப்பது) என்று எழுதியிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. அப்பா, "இவர்கள் எல்லாரும் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்கள்" என்கிறார். தங்கையோ இணையத்தில் கிடைக்கும் வினாத்தாள்களை நிரப்பி நிரப்பி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு முடிவு வருவதைப் பார்த்துச் சோர்ந்துபோயிருக்கிறாள். இந்த மூன்றில் எது சரி? மூளையை ஸ்கேன் எடுத்தோ இரத்தத்தைப் பரிசோதித்தோ ஒரேயடியாக முடிவு கட்ட வழி இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முல்லைநிலம்:

நான் மருத்துவ உளவியலாளர். உங்கள் தங்கையை நேரில் பார்க்காமல் எது சரி என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் முடியாது. ஆனால் இந்த மூன்று பெயர்களும் எப்படி வந்திருக்கக்கூடும் என்பதை விளக்க முடியும்.

முதலில் ஸ்கேன் பற்றி. மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு, ஆளுமைக் கோளாறு ஆகிய எதையும் உறுதிப்படுத்தும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ இன்றுவரை நடைமுறையில் இல்லை. பரிசோதனைகள் செய்வது வேறு உடல்நோய் இல்லை என்று விலக்குவதற்காகத்தான். கணிப்பு என்பது நோயாளி சொல்வது, உடனிருப்போர் சொல்வது, மருத்துவர் நேரில் காண்பது, காலப்போக்கில் நடப்பது ஆகிய நான்கையும் சேர்த்து வைத்து எடுக்கும் முடிவு. இவற்றில் நான்காவது, முதல் சந்திப்பில் எந்த மருத்துவருக்கும் கிடைப்பதில்லை.

இருதுருவக் கோளாறு பலருக்கு மனச்சோர்வாகவே தொடங்குகிறது. கிளர்ச்சிக் காலம் இன்னும் வராத ஒருவரிடம் முதல் மருத்துவர் மனச்சோர்வை மட்டும் காண்பது இயல்பு. அதேபோல் ஆளுமைக் கோளாறு உள்ளவர்கள் பெரும்பாலும் உதவி தேடி வருவது மனச்சோர்வு மிகுந்திருக்கும் நேரத்தில்தான். ஆக, முதல் கணிப்பு அன்றைக்குக் கிடைத்த தகவலுக்குப் பொருத்தமாகவே இருந்திருக்கலாம்.

உண்மையில் கடினமானது இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிப்பது. இரண்டிலும் மனநிலை ஏறி இறங்கும், எரிச்சல் வரும், பணம் கரையும், தற்கொலை எண்ணம் தலைதூக்கும். அறிகுறிகளின் பட்டியலை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பிரித்துக் காட்டுவது காலமும் தூண்டுதலும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம். கையேட்டின்படி ஹைப்போமேனியா (மிதமான கிளர்ச்சி நிலை) என்று சொல்ல, வழக்கத்துக்கு மாறான அந்த மனநிலை தொடர்ந்து குறைந்தது 4 நாட்கள், நாளின் பெரும்பகுதி நீடிக்க வேண்டும். முழு மேனியாவுக்கு ஒரு வாரம், அல்லது மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய அளவு தீவிரம் வேண்டும். பார்டர்லைனில் மனநிலை மாற்றம் பெரும்பாலும் சில மணி நேரங்களில் அடங்கிவிடும்; அதன் தொடக்கத்தில் யாரோ ஒருவருடனான உறவில் நேர்ந்த ஒரு சலனம் இருக்கும்.

அமர்வில் இதை எப்படிக் கேட்கிறோம் என்று சொல்கிறேன். "உங்களுக்கு மனநிலை மாறிக்கொண்டே இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள், அந்தப் பதிலால் பயனில்லை. "கடைசியாக அப்படி இருந்த நாளைச் சொல்லுங்கள். முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? எத்தனை மணிக்கு விழித்தீர்கள்? மூன்று மணி நேரம்தான் தூங்கினீர்கள் என்றால், மறுநாள் கண் எரிந்து உடல் துவண்டதா, அல்லது தூக்கமே தேவையில்லை என்பதுபோல் சுறுசுறுப்பாக இருந்ததா? அன்று உங்கள் பேச்சு வேகமாக இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? அதற்குச் சற்று முன் யாருடனாவது மனத்தாங்கல் உண்டா?" என்று ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் புகுந்து கேட்க வேண்டும். தூக்கம் வராமல் தவிப்பதும், தூக்கம் தேவைப்படாமல் இருப்பதும் வேறு வேறு. முதலாவது கவலையிலும் மனச்சோர்விலும் வரும். இரண்டாவது ஹைப்போமேனியாவின் பக்கம் கைகாட்டும். இந்த ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்காததால் தடம் மாறிய கணிப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொலைநோக்கு:

முல்லைநிலம் அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் அப்பாவின் ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2013இல் வெளியான டி.எஸ்.எம். ஐந்தாம் பதிப்புக்காக நடத்திய கள ஆய்வில், ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து எந்த அளவுக்கு ஒத்த முடிவுக்கு வருகிறார்கள் என்று அளந்தார்கள். தற்செயலாக நேரும் ஒற்றுமையைக் கழித்த பிறகு முழு உடன்பாடு என்றால் 1, உடன்பாடே இல்லை என்றால் 0 என்பது அந்தக் கப்பா அளவு. நாள்தோறும் மிகப் பரவலாக எழுதப்படும் மனச்சோர்வுக்குக் கிடைத்த மதிப்பு 0.28. பொதுப்பதற்றக் கோளாறுக்கு 0.20. இந்த எண்களைப் பார்த்த பிறகும் ஒருவர் "குத்துமதிப்பு" என்று சொன்னால் அவரைக் குறை கூற என்னால் முடியவில்லை.

பார்டர்லைனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது அளவுகோல்களில் ஏதேனும் ஐந்து இருந்தால் போதும் என்பது விதி. அப்படியானால் அந்தப் பெயரைப் பெற 256 வழிகள் உண்டு. ஒரே பெயர் சூட்டப்பட்ட இருவருக்கிடையே ஒரே ஓர் அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கலாம். இப்படி ஒரு வலையை வீசிவிட்டு அதில் சிக்கிய எல்லாரையும் ஒரே இனம் என்று அழைப்பது எப்படி அறிவியல் ஆகும்?

1973இல் அமெரிக்க உளவியலாளர் ரோசன்ஹான் வெளியிட்ட ஆய்வையும் நினைவூட்டுகிறேன். நலமாக இருந்த சிலர் ஏதோ குரல் கேட்பதாகப் பொய் சொல்லி மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள்; சேர்ந்தபின் இயல்பாகவே நடந்துகொண்டும் பணியாளர்கள் அவர்களை அடையாளம் காணவில்லை.

குறிஞ்சி:

பொது மருத்துவர் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏழு ஆண்டுகளில் தைராய்டு அளவை எப்போதாவது பார்த்தார்களா? தைராய்டு சுரப்பு குறைந்தால் மனச்சோர்வு போலவும், மிகுந்தால் பதற்றமும் எரிச்சலும் கொண்ட கிளர்ச்சி போலவும் தோன்றும். இருதுருவக் கோளாறுக்குத் தரும் லித்தியம் கொடுத்திருந்தால் அந்த மருந்தே தைராய்டைக் குறைக்கக்கூடும். ஆகவே அதை உட்கொள்பவர்களுக்குத் தைராய்டையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் குறித்த இடைவெளியில் பார்த்தே ஆக வேண்டும். பி12 குறைபாடு, ஸ்டீராய்டு மருந்துகள், மது, போதைப்பொருள் ஆகியவற்றையும் விசாரித்து விலக்க வேண்டும். அரிதாக மூளையழற்சியும் மனநோய் வேடத்தில் வரும். 2007இல் விவரிக்கப்பட்ட உடலின் எதிர்ப்பாற்றலே மூளை நரம்பணுக்களில் உள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் தாக்கும் தன்னெதிர்ப்பு மூளையழற்சியில், பலரும் முதலில் போய்ச் சேர்வது மனநல மருத்துவரிடம்தான். இருபதுகளில் உள்ள பெண்ணுக்கு, சில வாரங்களுக்குள் திடீரென்று குணம் மாறி, வலிப்போ விசித்திரமான உடலசைவோ சேர்ந்தால் அந்தத் திசையில் உடனே பார்க்க வேண்டும். இங்கே சொல்லப்பட்டிருப்பது பல ஆண்டுகளாக மெல்ல நகரும் வரலாறு என்பதால் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

முல்லைநிலம்:

குறிஞ்சி அவர்கள் சொன்னது மிக அவசியமானது. உளவியலாளர்களாகிய நாங்கள் அந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது.

தொலைநோக்கு அவர்கள் எடுத்துக்காட்டிய எண்கள் உண்மையானவை. அவை எங்கள் துறைக்குப் பெருமை சேர்க்கும் எண்கள் அல்ல. ஆனால் அதே கள ஆய்வில் பார்டர்லைனுக்குக் கிடைத்த மதிப்பு 0.54; பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடுக் கோளாறுக்கு 0.67. எல்லாக் கணிப்புகளும் ஒரே அளவில் நம்பத்தகாதவை அல்ல. அந்த ஆய்வில் மருத்துவர்கள் தங்கள் வழக்கமான முறையிலேயே பேட்டி கண்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேள்விகள் வரிசையாக வகுக்கப்பட்ட கட்டமைப்புப் பேட்டிகளைக் கையாளும்போது உடன்பாடு பொதுவாகக் கூடுகிறது.

இதற்கு நல்ல சான்று நியூயார்க்கையும் லண்டனையும் ஒப்பிட்ட ஆய்வு. 1972இல் நூலாக வந்தது. நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு என்ற கணிப்பு லண்டனைவிட மிக அதிகமாக இருந்தது. இரு நகரங்களிலும் ஒரே முறையில் பயிற்சி பெற்ற குழு, ஒரே கேள்விகளை வைத்துக்கொண்டு நோயாளிகளைப் பார்த்தபோது அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. வேறுபட்டவர்கள் நோயாளிகள் அல்லர். மருத்துவர்களின் பழக்கம்தான் வேறுபட்டது. 1980இல் டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பு வெளிப்படையான அளவுகோல்களோடு வந்ததற்கு இத்தகைய கண்டுபிடிப்புகள் ஒரு முக்கியக் காரணம்.

ரோசன்ஹான் ஆய்வைச் சான்றாகக் காட்டுவதை மட்டும் தயவுசெய்து தவிர்க்கலாம். பத்திரிகையாளர் சூசன்னா கஹாலன் அந்த ஆய்வின் ஆவணங்களைத் தேடிப் படித்து 2019இல் வெளியிட்ட நூலில், ரோசன்ஹான் தாமே மருத்துவமனையில் சேர்ந்தபோது கட்டுரையில் எழுதியதைவிடக் கடுமையான அறிகுறிகளைச் சொல்லியிருந்ததைக் காட்டியிருக்கிறார். அதன்பின் அந்த ஆய்வின்மேல் எழுந்த ஐயம் இன்னும் தீரவில்லை.

256 வழிகள் என்ற விமர்சனத்தோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. உலக சுகாதார நிறுவனமும் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்ததால்தான், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் நோய்வகைப்பாடான ஐ.சி.டி.-11, தனித்தனி ஆளுமைக் கோளாறுகளின் பழைய பட்டியலைக் கைவிட்டது. இப்போது முதற்கேள்வி, ஒருவர் தம்மைப் பற்றிய உணர்விலும் பிறருடனான உறவிலும் எந்த அளவுக்கு நீடித்த சிரமப்படுகிறார் என்பது. அதை லேசானது, மிதமானது, கடுமையானது என்று குறித்த பிறகு, எதிர்மறை உணர்ச்சி மேலோங்கல், ஒதுங்கியிருத்தல், பிறர் நலனில் அக்கறையின்மை, கட்டுப்பாடின்மை, மிகையான ஒழுங்குப்பற்று ஆகிய பண்புகளில் எவை தூக்கலாக உள்ளன என்று சேர்க்கிறோம். பார்டர்லைன் என்பது விரும்பினால் சேர்க்கக்கூடிய ஒரு குறிப்பாக மட்டும் எஞ்சியிருக்கிறது. சுமார் இரண்டு ஆண்டுகளாவது நீடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இந்த மாற்றம் சரியான திசையில் வைக்கப்பட்ட அடி என்றே நான் கருதுகிறேன். யார் இவர் என்று முத்திரை குத்துவதைவிட, எந்த இடத்தில் எவ்வளவு சிரமம் என்று கேட்பது நோயாளிக்கும் பயன்படுகிறது, சிகிச்சைக்கும் பயன்படுகிறது.

எண்ணும்எழுத்தும்:

நான் புள்ளியியல் கற்பிப்பவன். தங்கை நிரப்பும் இணைய வினாத்தாள்களைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஒரு வினாத்தாள் நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கிறது, நோய் இல்லாதவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விலக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இது உண்மையில் மிக நல்ல கருவி. பொதுமக்களில் 1,000 பேர் இதை நிரப்புகிறார்கள். அவர்களில் 50 பேருக்கு அந்த நோய் இருக்கிறது. கருவி அந்த 50 பேரில் 45 பேரைப் பிடிக்கும். மீதி 950 பேரில் 95 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆக, "உங்களுக்கு இருக்கிறது" என்று முடிவு வந்த 140 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 45 பேர், மூன்றில் ஒருவருக்கும் குறைவு. அதே தாளை, பாதிப் பேருக்கு நோய் இருக்கும் ஒரு சிகிச்சையகத்தில் 1,000 பேருக்குக் கொடுத்தால், பிடிபடும் 500 பேரில் 450 பேருக்கு நோய் இருக்கும். தாள் அதே தாள்தான். மாறியது அதை நிரப்பியவர்களின் கூட்டம்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 போன்ற நன்கு சோதிக்கப்பட்ட தாள்களுக்கும் இது பொருந்தும். அதில் ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 புள்ளிகள், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி மட்டும் கேட்கும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். அது வடிகட்டும் கருவி, தீர்ப்பு சொல்லும் கருவி அல்ல. இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும் தாளைக் கொண்டு வாழ்நாள் ஆளுமையை அளக்கவும் முடியாது. தங்கை ஐந்தாறு நோய்களுக்கான தாள்களை நிரப்பினால் அவற்றில் ஒன்றிரண்டாவது தற்செயலாகவே "ஆம்" என்று வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு என்பதை அவருக்கு அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

நெய்தல்:

எனக்குப் பார்டர்லைன் கணிப்பு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் தங்கையின் இடத்தில் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன், இளவேனில்.

அந்தச் சொற்களை முதலில் படித்தபோது, நோய் என்னிடம் இல்லை, நானே நோய் என்று சொல்லிவிட்டார்களோ என்று பதறினேன். மனச்சோர்வு என்றால் அனுதாபம் காட்டும் மனிதர்கள், ஆளுமைக் கோளாறு என்றால் சற்றுத் தள்ளி நிற்கிறார்கள். ஒருமுறை கடுமையான வயிற்றுவலியோடு ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனேன். என் பழைய கோப்பைப் புரட்டிய பணி மருத்துவர் அதற்குப் பிறகு வயிற்றைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு, வீட்டில் சண்டையா என்று கேட்கத் தொடங்கினார். பித்தப்பைக் கல் என்று வேறோர் இடத்தில் கண்டுபிடித்தார்கள். கணிப்பு சரியாக இருந்தாலும் அதைக் கையாளும் விதத்தால் கேடு வரும் என்பதை நான் என் உடம்பில் கண்டேன். ஆகவே எந்தப் பெயரானாலும், உடல் உபாதைக்குப் போகும்போது அதற்குரிய கவனத்தை விடாமல் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பெயர் வந்த பிறகுதான் எனக்குப் பொருத்தமான சிகிச்சை கிடைத்தது. உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கிய டி.பி.டி. என்ற பேச்சுவழிச் சிகிச்சை முறையில், உணர்ச்சி பொங்கும்போது அதைக் குறித்துவைக்கவும், செயலில் இறங்குமுன் தாமதிக்கவும், வேண்டியதைச் சண்டையின்றிக் கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பார்டர்லைன் என்றால் வாழ்நாள் தண்டனை என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 290 பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஜனரினி குழுவினரின் ஆய்வு 2010இல் வந்தது. அவர்களில் 93 விழுக்காட்டினருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது அறிகுறிகள் தணிந்திருந்தன. வேலையும் உறவும் சேர்ந்து சீரான முழுமையான மீட்சி கிடைத்தவர்கள் பாதிப் பேர்தான் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த மீதிப் பாதிக்காகத்தான் நம் கவலை இருக்க வேண்டும்.

இளவேனில்:

எல்லாருக்கும் நன்றி. நெய்தல் அவர்களின் பதிவைத் தங்கையிடம் காட்டினேன்; இரண்டு முறை படித்தாள்.

முல்லைநிலம் அவர்கள் கேட்ட விதத்தில், நாங்கள் இருவரும் அமர்ந்து பழைய நாட்களை நினைவுகூர்ந்து பார்த்தோம். பெரும்பாலானவை ஒரே மாதிரி இருந்தன. தோழி மாலையில் அழைப்பை எடுக்கவில்லை, தன்னை விலக்கிவிட்டாள் என்று நெஞ்சு அடைக்கும், கோபத்தில் நீண்ட செய்திகள் அனுப்புவாள், இரவு தோழி பேசியதும் எல்லாம் அடங்கி வெட்கப்படுவாள். ஆனால் ஒரேயொரு காலம் வேறு மாதிரி இருந்தது. மனச்சோர்வு மருந்தின் அளவைக் கூட்டிய சில நாட்களில், எந்தச் சண்டையும் இல்லாமலே, ஒரு வாரம்போல மிகக் குறைவாகத் தூங்கினாள். களைப்பே இல்லை. வீடு முழுவதையும் நள்ளிரவில் அடுக்கினாள். இதை இப்போதைய மருத்துவரிடம் நாங்கள் சொல்லவேயில்லை, அவரும் கேட்கவில்லை. இது முக்கியமா?

முல்லைநிலம்:

மிக முக்கியம். அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் தெரிவித்துவிடுங்கள். மருந்தின் அளவைக் கூட்டிய தேதி, அந்த வாரம் தொடங்கிய தேதி, மருந்தை மாற்றியிருந்தால் அதன்பின் அது எத்தனை நாளில் அடங்கியது ஆகிய மூன்றும் வேண்டும். பழைய மருந்துச்சீட்டுகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். மருந்தால் தூண்டப்பட்ட கிளர்ச்சி, மருந்தின் விளைவு தணிந்த பின்னும் நீடித்ததா என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும். இரத்த உறவில் யாருக்கேனும் இருதுருவக் கோளாறு உண்டா என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள். இரண்டு கோளாறுகளும் ஒருவரிடம் சேர்ந்தே இருக்கலாம் என்பதால், ஒன்றை ஏற்றால் மற்றதைக் கைவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்த வேறுபாடு சிகிச்சையை நேரடியாக மாற்றும். இருதுருவக் கோளாறில் மனநிலைச் சமன்படுத்தும் மருந்துகள் அடித்தளம். மனச்சோர்வு மருந்தைத் தனியாகக் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை. பார்டர்லைனில் பேச்சுவழிச் சிகிச்சையே அடித்தளம். மருந்துகள் துணைக்கு மட்டும். எது எப்படியானாலும் இப்போது உட்கொள்ளும் மருந்து எதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

தொலைநோக்கு:

இந்த இழையிலேயே என் வாதத்துக்கான சான்று கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஏழு ஆண்டுகளில் பல மருத்துவர்கள் பார்த்தும், அந்த ஒரு வாரம் எந்தக் கோப்பிலும் இல்லை. அளவுகோல்கள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அவசர அவசரமாக முடியும் சந்திப்பில் அவற்றை யார் பொருத்திப் பார்ப்பது? நான் துறையை முற்றாக மறுக்கவில்லை. கணிப்பை எழுதும்போதே அதன் உறுதி எவ்வளவு, எந்தத் தகவல் இல்லாமல் எழுதப்பட்டது என்பதையும் எழுத வேண்டும் என்று கேட்கிறேன். இன்று எழுதுவது வெறும் பெயர்.

முல்லைநிலம்:

இதில் நான் உங்கள் பக்கம். நல்ல அறிக்கையில் நோய்ப்பெயருக்குக் கீழே ஒரு விளக்கப் பத்தி இருக்க வேண்டும்: இவரை எது பாதிப்புக்கு ஆளாக்கியது, எது இப்போது தூண்டியது, எது தொடர வைக்கிறது, எது காக்கிறது. எவ்வெவற்றைக் கருதி விலக்கினோம், எதை இன்னும் விலக்கவில்லை என்பதும் அதில் வர வேண்டும். அத்தகைய அறிக்கையைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்றே நினைக்கிறேன். கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் முகம் சுளிப்பதில்லை.

ஆளுமையைப் பற்றிய எந்த மதிப்பீட்டையும் நெருக்கடியின் உச்சத்தில் முடிவு செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கடும் மனச்சோர்வில் இருப்பவர் தம் வாழ்நாள் முழுவதையும் அந்த இருட்டின் வழியாகத்தான் விவரிப்பார், "நீங்கள் எப்போதுமே இப்படித்தானா?" என்றால் ஆம் என்பார். சோர்வு தணிந்தபின் அதே கேள்விக்கு வேறு பதில் வருவதுண்டு. உடன் வளர்ந்தவர்களிடம் பேசுவது இதனால்தான் தேவைப்படுகிறது.

இளவேனில்:

மருத்துவரின் உதவியாளரிடம் பேசி, சந்திப்பை முன்கூட்டியே வாங்கிவிட்டேன். ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது. தங்கை இல்லாதபோது நான் தனியாகப் பேசட்டுமா, அவளை வைத்துக்கொண்டே பேசட்டுமா?

நெய்தல்:

அவரிடமே கேளுங்கள். என்னைப் பற்றி என் அண்ணன் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று தெரியாமல் பல மாதங்கள் அவரை நம்பாமல் இருந்தேன். நீங்கள் சொல்லப்போவதை முதலில் எழுதி, அவர் படித்து, உடன்படாத இடத்தில் அவருடைய சொற்களையும் பக்கத்தில் எழுதட்டும். அந்தத் தாளை இருவருமாக மருத்துவரிடம் கொடுங்கள்.

முல்லைநிலம்:

அதையேதான் நானும் சொல்வேன். ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு: தன் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி அவர் பேசினாலோ அதற்கான ஆயத்தம் தெரிந்தாலோ, அவருடைய அனுமதிக்காகவும் சந்திப்புத் தேதிக்காகவும் காத்திராமல் அன்றே மருத்துவரை அணுகுங்கள். எந்த நோய்ப்பெயர் சரி என்ற கேள்வி அப்போது இரண்டாம் பட்சம். மற்றபடி, இன்றிலிருந்து தூங்கிய நேரம், விழித்த நேரம், அன்றைய மனநிலை, அதற்கு முன் நடந்தது ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் ஒரு வரியாக அவரே எழுதி வரட்டும். சில வாரங்கள் சேர்ந்தாலே, இதுவரை எந்த மருத்துவருக்கும் கிடைக்காத தகவல் இந்த மருத்துவரின் மேசையில் இருக்கும்.